ஹால்வரின் முகம்

எனக்கு ஒரு மாட்டைக்கூட ஒழுங்காக வரைய வராது. முப்பது வருஷம் சரித்திரம் படிப்பித்தவன் நான். கரும்பலகையில் நான் கீறும் இலங்கைப் படத்தைப் பார்த்து மாங்காய் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். அதனால்தான் எனக்கு அஜந்தன் தேவைப்பட்டான். இதை முதலில் எழுதிக்கொண்டீர்களென்றால் மற்றது எளிதாக விளங்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி மலையகத்துப் பசறைக்கு வந்தவன், ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டேன். தனி ஆள். வைக்கிங்குகளைப் பற்றி ஒரு சித்திர நாவல் தொடர் எழுதத் தொடங்கினேன். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்திய வடகடல், நீண்ட படகுகள், ஹால்வர் என்றொரு தலைவன். படம் அஜந்தன். என்னிடம் படித்தவன், லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். கடலை இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறான். ஆனால் அவன் வரைந்த அலைக்குப் பக்கத்தில் நின்றால் சட்டை நனைந்துவிடும் போலிருக்கும். ஐந்து பாகங்கள் வந்தன. சென்னையிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் எழுதிக் கேட்டார்கள்.

ஆறாம் பாகத்தில் ஹால்வரின் மனைவி இறக்கிறாள். அவளைப் படகில் கிடத்தி, தீ வைத்து, கடலில் தள்ளிவிடுகிறான். அந்தப் பக்கம் முழுவதும் அவன் முகம் மட்டும். அது வரவில்லை. அஜந்தன் பதினொரு தடவை வரைந்தான். பதினொன்றும் அழுகிற முகம். சினிமாவில் அழுவார்களே, அப்படி.

"பொஞ்சாதி செத்தா மனுசன் அழத்தானே சேர் செய்வான்?" என்றான்.

"அழுறதுக்கு முன்னம் ஒரு முகம் இருக்குத் தம்பி. அதைப் பிடி."

"அது எனக்குத் தெரியாதே சேர்."

உண்மையைத்தான் சொன்னான். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். சுதர்ஷினி எட்டு மாதக் கர்ப்பிணி. மத்தியானச் சாப்பாடு கட்டும்போது எனக்கும் சேர்த்துக் கட்டிக்கொடுப்பாள். நல்ல பிள்ளை.

அவன் என் வீட்டு மாடி அறையில் வரையும்போது அவனுடைய போன் கீழே என்னிடம் இருக்கும். அது அவனே ஒத்துக்கொண்ட ஒழுங்கு. அந்த வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அது அடித்தது. நல்ல மழை.

"சேர், அவருக்கிட்ட குடுங்க. ரத்தமா போகுது. எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிட்டாங்க, இங்க ஆளில்ல."

"பயப்படாதேங்கோ பிள்ளை. அசையாமல் படுத்திருங்கோ. அவனையும் கூட்டிக்கொண்டு வேனோட வாறன்."

அதைச் சொல்லும்போது போகத்தான் நினைத்தேன். சாவியையும் எடுத்தேன். மாடிப்படியில் நாலு படி ஏறியபோது பென்சில் உரசும் சத்தம் கேட்டது. பன்னிரண்டாவது முகம். அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு இறங்கிவந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

பதினொரு மணிக்கு மறுபடி எடுத்தாள். பக்கத்து வீட்டுப் பெரியாயி வந்துவிட்டதாகச் சொன்னாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லவா என்று கேட்டாள். நான் சொல்லிவிட்டேன், திரும்பச் சொன்னால் குழப்பம் என்றேன். நான் யாருக்கும் சொல்லவில்லை.

"சரிங்க சேர். உங்களுக்குத்தான் கரைச்சல்," என்றாள்.

அதற்குப் பிறகு வந்த ஆறு அழைப்புகளை நான் எடுக்கவில்லை.

அஜந்தனுக்குத் தேநீர் கொண்டுபோனேன். போன் ஏதும் வந்ததா என்று கேட்டான். இல்லை என்றேன். சீனி போதவில்லை என்றான். போட்டுக் கொடுத்தேன்.

பெரியாயி வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னது சரி. செத்த வீட்டிலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒப்பாரிச் சத்தத்தில் அஜந்தன் காதில் அது விழவில்லை. "தூக்கிட்டு ரோட்டுக்குப் போயிருவோம்னு சொன்னேன். சேர் அசையாம படுக்கச் சொன்னாரு, வண்டி வருதுன்னு அந்தப் புள்ள வரமாட்டேன்னுருச்சு." கடைசியில் ஒரு மணிக்கு மேல்தான் மபாஸின் ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் குழந்தையை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது. பெண் குழந்தை.

நாலு மணிக்கு மபாஸ் என் வாசலுக்கு வந்தான். அவன் நின்ற விதத்திலேயே விளங்கிவிட்டது. அஜந்தனை நான்தான் கீழே கூப்பிட்டேன். பிறகு சற்று விலகி, அவன் முகம் தெரிகிற பக்கமாக நின்றுகொண்டேன். மூன்று நாலு விநாடிதான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. எதையோ எங்கே வைத்தோம் என்று யோசிப்பவனைப் போல இருந்தான். அதற்குப் பிறகுதான் அழுதான்.

கருமாதி முடிந்த மூன்றாம் நாள் பென்சிலைக் கையில் கொடுத்தேன். வேலை செய்தால் மனம் ஆறும் என்று சொன்னேன். ஒரே தடவையில் வந்தது. அழிக்கவே இல்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'சுதர்ஷினிக்கு' என்று போட்டோம். அது என் யோசனை.

போன் பதிவுகள் உங்கள் கையில் இருக்கின்றன. நான் மறுக்கவில்லை. தாமதம் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் தாமதிக்கவில்லை, அவள் சாகும்வரை காத்திருந்தேன்.

எனக்கு இரக்கமே இல்லை என்று அஜந்தன் சொன்னானாம். அது சரியில்லை. ஏழாம் பாகத்தை எப்போதோ எழுதி முடித்துவிட்டேன். அதில் ஹால்வரின் மகள் இறக்கிறாள். அவனிடம் இன்னும் காட்டவில்லை. குழந்தைக்கு ஏழு மாதம்தானே ஆகிறது, இன்னும் கொஞ்ச நாள் அதோடு பழகட்டும் என்று நான்தான் பொறுத்திருக்கிறேன்.