வீலைத் தொட்ட கை

எனக்கு மாம்பழம் அவ்வளவாகப் பிடிக்காது. கிருஷ்ணகிரிப் பக்கம் இதைச் சொன்னால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள் என்பதால் வெளியே சொல்வதில்லை. சீசன் முழுக்க அந்தக் கூழ் ஃபேக்டரிக்கு எதற்கு அத்தனை தடவை போனீர்கள், பழம் வாங்கவா என்று கேட்டீர்களே மேடம், அதற்காகச் சொல்கிறேன். பழத்துக்காகப் போகவில்லை. அங்கே என் வால்வு இருந்தது. அதைப் பார்க்கத்தான் போனேன்.

என் பெயர் தங்கதுரை. கோவில்பட்டிக்காரன். ஓசூருக்கு வேலை தேடி வந்து, நாலு கம்பெனியில் வரைபடம் போட்டு, கடைசியில் சிப்காட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு பட்டறை வைத்தேன். நீராவிக்கான வால்வு மட்டும்தான் செய்வோம். அது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும், அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பாய்லரிலிருந்து வருகிற நீராவிக்கு முரட்டு பலம். மாங்கூழ் காய்ச்சுகிற கெட்டிலுக்கு இரட்டைச் சுவர். அந்த இரண்டு சுவருக்கும் நடுவில் நீராவியை விட்டுத்தான் கூழைச் சூடாக்குவார்கள். பாய்லரில் இருக்கிற அழுத்தம் அப்படியே வந்தால் அந்தச் சுவர் தாங்காது. நடுவில் என் வால்வு நின்றுகொண்டு, வேண்டிய அளவுக்கு மட்டும் விடும். அதன் தலையில் ஒரு வீல் இருக்கிறது. வலப்பக்கம் திருப்பினால் கெட்டிலுக்குப் போகிற அழுத்தம் கூடும், இடப்பக்கம் திருப்பினால் குறையும். வைத்த இடத்தில் நிற்கும். அதையும் மீறி ஏறினால், லைனில் ஒரு சேஃப்டி வால்வு இருக்கிறது. அது தானாகத் திறந்து, வீறிட்டுக்கொண்டு, மிச்ச நீராவியை வெளியே தள்ளிவிடும்.

என் வால்வுக்குள் ஒரு தண்டு மேலும் கீழும் போய்வரும். அந்தத் தண்டுக்கும் அதைப் பிடித்திருக்கிற புஷ்ஷுக்கும் நடுவே தலைமுடி நுழையாது. மற்றவர்கள் செய்கிற வால்வு அந்த இடத்தில்தான் கசியும். என்னுடையது கசியாது. அதை வரைந்துகொண்டிருந்த சமயத்தில் என் மனைவி கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். அவள் போனது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. எவ்வளவு கவனமாக வரைந்திருப்பேன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காவேரிப்பட்டணம் தாண்டி இருக்கிற அந்த ஃபேக்டரியில்தான் முதலில் மாட்டினோம். கொஞ்ச நாளிலேயே மேனேஜர் ஸ்ரீராம் போன் பண்ணினார். கெட்டில் லைனில் அழுத்தம் ஏறுகிறது, சேஃப்டி வால்வு கத்துகிறது, கூழ் கிளறுகிற பெண்கள் பயப்படுகிறார்கள் என்றார். போய்ப் பார்த்தேன். காலையில் போனதால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மறுபடியும் கூப்பிட்டார், மறுபடியும் போனேன். மறுபடியும் ஒழுங்காகத்தான் இருந்தது.

பாய்லர் ஆபரேட்டர் அப்பாஸ் பாயை அப்போதுதான் கவனிக்க ஆரம்பித்தேன். நரைத்த தாடி, தோளில் எப்போதும் ஒரு துடைக்கிற துணி. அதிகம் பேசாத மனிதர்.

"காலைல ஒழுங்கா நிக்குதுங்க சார்," என்றார். "மத்தியானத்துக்கு மேல, சூடு நல்லா ஊறினதும், தானா ஏறுது. நான் வீலத் தொடறதே இல்ல."

"தொடாமல் ஏறாது பாய்."

"சத்தியமா சார்."

நான் சத்தியம் கேட்கவே இல்லை. அவராகச் செய்தார். அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

சந்தேகம் என்பது கெட்ட குணம் என்பார்கள். எங்கள் தொழிலில் அப்படி இல்லை. எந்த இடத்தில் கசியும் என்று சந்தேகப்பட்டால்தான் நல்ல வால்வு வரும். நான் அப்பாஸ் பாயையும் அப்படித்தான் பார்த்தேன். வீலைத் தொடுவதே இல்லை என்கிறவர் அதைத் தினமும் துணியால் துடைக்கிறார். எதற்கு? கேட்டால், தூசி சார் என்கிறார். பெங்களூர் வால்வு கம்பெனி ஒன்றின் ஆள் அவரோடு கேட் பக்கம் இருக்கிற டீக்கடையில் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இத்தனை வருஷம் ஓசூரில் இருந்தும் எனக்குக் கன்னடம் சரியாக வராது. வால்வு என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவர் மனைவி ரோஷன் பீ அங்கேதான் மூன்றாவது கெட்டிலில் கூழ் கிளறுகிறவர். அழுத்தம் கூடினால் கூழ் சீக்கிரம் கொதிக்கும், அந்த அம்மா சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூக்கம் வந்தது.

என் பட்டறையில் லாவண்யா என்று ஒரு பெண் இருந்தாள். சேலத்தில் படித்தவள், கெட்டிக்காரி. அவளும் இதில் இருக்கிறாள் என்று முதலில் எனக்குத் தோன்றவில்லை. ஒருநாள் அதே மாதிரி வால்வு ஒன்றை எங்கள் சோதனை பாய்லரில் மாட்டி, பொழுது முழுக்க நீராவி விட்டுப் பார்த்திருக்கிறாள்.

"சார், சூடு ஊறினதும் தண்டு வீங்கி புஷ்ஷைப் பிடிச்சுக்குது," என்றாள். "திறந்தபடியே மாட்டிக்குது. அதுக்கப்புறம் வீலை எந்தப் பக்கம் திருப்பினாலும் கேக்கல. நாம ஒரு மணி நேரத்துக்கு மேல டெஸ்ட் பண்ணதே இல்ல சார். அந்த ஃபேக்டரில இருக்கறத உடனே கழட்டிரலாம்."

"உன்னை யார் இதைச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல. அப்பாஸ் பாய் போன்ல சொன்னாரு, மத்தியானத்துக்கு மேலதான் ஏறுதுன்னு. அத வெச்சுத்தான் பார்த்தேன்."

அப்பாஸ் பாய் போனில் சொன்னார். என்னிடம் இல்லை, இவளிடம். எனக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை. அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்தினேன். அவள் அழவில்லை. கிளம்பும்போது, "சார், என்னை நிறுத்துங்க, பரவால்ல. வால்வை மட்டும் கழட்டிருங்க," என்றாள். அவள் சோதனை செய்த வால்வைப் பிரித்துப் பார்த்தேன். தண்டில் ஓரிடத்தில் உரசின கோடு விழுந்திருந்தது. அவள் கழற்றும்போது விழுந்திருக்கும். தேய்த்துப் பாலிஷ் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன்.

இப்போது நீங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறீர்கள் மேடம். நான் அவசரக்காரன் இல்லை. சந்தேகம் இருக்கிறது என்பதற்காக ஒரு மனிதரைக் குற்றவாளி என்று சொல்லிவிட மாட்டேன். நிரூபணம் வேண்டும். நிரூபணத்துக்கு இடைஞ்சலாக இருந்தது அந்த சேஃப்டி வால்வு. அது இருக்கிற தைரியத்தில் யார் வேண்டுமானாலும் வீலைத் திருப்பலாம், கொஞ்சம் சத்தம் வரும், பழி என் மேல் விழும், முடிந்தது. சேஃப்டி வால்வு வேலை செய்யவில்லை என்று அவருக்கு மட்டும் தெரிந்தால்? அன்றைக்கு அவர் வீலைத் தொட மாட்டார். அழுத்தமும் ஏறாது. அப்போது இத்தனை நாளும் ஏற்றியது யார் என்று தெரிந்துவிடும். நீங்களே யோசித்துப் பாருங்கள், இதில் ஓட்டை எங்கே இருக்கிறது?

மேனேஜர் பெங்களூர் போயிருந்த நாளாகப் பார்த்துப் போனேன். சர்வீஸ் பண்ண வேண்டும் என்றேன், விட்டுவிட்டார்கள். சேஃப்டி வால்வு வாய் திறக்காதபடி செய்தேன். எப்படிச் செய்தேன் என்பதை உங்கள் ஆட்கள் பார்த்திருப்பார்கள். பிறகு அப்பாஸ் பாயைக் கூப்பிட்டு, "பாய், இன்றைக்கு சேஃப்டி வால்வு அடைத்திருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்," என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது.

"சார், வெளையாடாதீங்க. உள்ள பொம்பளைங்க நிக்கறாங்க."

"நீங்கள் வீலைத் தொடாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது."

"நான் தொடறதில்லிங்க சார். அதான் சொல்றேன். நான் தொடாமயே ஏறும்."

"பிறகு எதற்குப் பயப்படுகிறீர்கள்?"

அவர் தோளில் இருந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்தார். "மேனேஜர் சாருக்குத் தெரியுமா?"

"தெரியும். அவர்தான் பார்க்கச் சொன்னார்."

அவர் காண்டிராக்ட் ஆள். மேனேஜர் பெயரைச் சொன்னதும் அதற்கு மேல் பேசவில்லை. அந்தப் பயத்தையே பாதி நிரூபணமாக எடுத்துக்கொண்டேன்.

மேல்மாடியில் லேப் இருக்கிறது. அங்கே கண்ணாடி வழியாகக் கீழே கெட்டில் வரிசை, வால்வு, பாய்லருக்குப் போகிற வழி எல்லாம் தெரியும். லேப் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிரஷர் கேஜின் முள் அசையாமல் நின்றது. அப்பாஸ் பாய் வால்விலிருந்து தள்ளி, எனக்குத் தெரிகிற மாதிரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கெட்டில்களில் கூழ் மஞ்சளாக நுரைத்துக்கொண்டிருந்தது. முள் அசையாமல் நின்ற அந்த நேரத்தைப் போல ஒரு நிம்மதியை நான் அனுபவித்ததே இல்லை. எழுந்து போய் சேஃப்டி வால்வைச் சரிசெய்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

அப்புறம் முள் நகர்ந்தது.

அவர் கை பின்னால்தான் இருந்தது. வேறு யாரையாவது ஏற்பாடு செய்திருக்கிறாரோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். வால்வுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அவர் கேஜைப் பார்த்தார், மேலே என்னைப் பார்த்தார். கையை முன்னால் எடுத்து இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். முள் ஏறிக்கொண்டே இருந்தது.

பிறகு அவர் பெண்களை வெளியே போகச் சொல்லிக் கத்தினார். கண்ணாடி தடுத்ததால் குரல் சரியாகக் கேட்கவில்லை. எல்லோரும் கூழ் கிளறுகிற துடுப்பைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ரோஷன் பீ மட்டும் போகாமல் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் அந்த அம்மாவைத் தோளைப் பிடித்துத் தள்ளி, வாசலுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார். அதன் பிறகு பாய்லர் பக்கம் ஓடினார். மெயின் வால்வை மூடிவிட்டால் நீராவி மொத்தமாக நின்றுவிடும். அவர் நினைத்தது சரிதான்.

மெயின் வால்வில், மூட முடியாதபடி சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. உங்களிடம் இதைச் சொன்னேனா? காலையில் நான் போட்டதுதான். நடுவில் மூடிவிட்டால் சோதனை கெட்டுப்போகும் என்று போட்டேன்.

அவர் சங்கிலியை இழுத்துப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. இறங்கி ஓடியிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று உங்கள் ஆட்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. நான் கையை உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டினேன்.

அவர் பொறுக்கவில்லை. திரும்பி ஓடிவந்து வீலைப் பிடித்தார். இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார், உடம்பை வளைத்துத் திருப்பினார். அவர் நினைத்திருந்தால் கதவைத் திறந்துகொண்டு போயிருக்கலாம். கதவுக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள், யாரும் தூரமாகப் போகவில்லை. அதனால் போகவில்லையோ என்னவோ. மூன்றாவது கெட்டில்தான் முதலில் கிழிந்தது. சத்தம் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது, அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

அந்த வெள்ளை அடங்குவதற்குள் பின்படி வழியாக இறங்கி, சங்கிலியைக் கழற்றிக் காரில் போட்டேன். நீங்கள் கண்டெடுத்தது அதுதான்.

காரிலிருந்து திரும்பி வந்தபோது ரோஷன் பீ என்னை நிறுத்தினார். முக்காடு சரிந்திருந்தது, அதை இழுத்துவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"சார், நீங்க மேல இருந்து பாத்தீங்களாமே. அவரு கடைசியா என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"வீலைத் திருப்பிக்கொண்டிருந்தார் அம்மா," என்றேன்.

பக்கத்தில் நின்றவர்கள் அதைக் கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க, ஆபரேட்டர் அழுத்தத்தை ஏற்றிவிட்டான் என்று பேச்சாகிவிட்டது. அவருடைய ஜனாஸா அடக்கத்துக்குக்கூட ஃபேக்டரி ஆட்கள் அதிகம் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் எதையும் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை மேடம். கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன்.

வீல் இடப்பக்கம் கடைசி வரைக்கும் திருகியிருந்தது, தண்டு மட்டும் திறந்தபடி புஷ்ஷுக்குள் இறுகியிருந்தது என்று உங்கள் அறிக்கையில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். லாவண்யாவும் வந்து வாக்குமூலம் கொடுத்துவிட்டாள் என்கிறீர்கள். இருக்கட்டும். இடப்பக்கம் என்றால் குறைக்கிற பக்கம், அது எனக்கும் தெரியும், நான் வரைந்த வால்வு அது. அந்த வெடிப்பில் எது எந்தப் பக்கம் திரும்பியதோ, யார் கண்டது?

சேஃப்டி வால்வை அடைத்தது நான். மெயின் வால்வைப் பூட்டியது நான். மேனேஜருக்குத் தெரியும் என்று சொன்னது பொய். சாவியோடு மேலே உட்கார்ந்து, ஒரு மனிதர் சாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தது நான். எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறேன், பேனாவைக் கொடுங்கள். ஆனால் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்பாஸ் பாய் வீலைத் தொட்டார். தொடுவார் என்று நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன்.