டிரெசர் சபாபதியாரின் வெல்வெட்டுத் தலையணை

எக்ஸ்ரே அறையின் ஏந்தலே! எலும்பையும் ஊடுருவும் எழிற்கண்ணரே! உலு திராம் வட்டாரத் தோட்ட மருத்துவமனையின் உயர்திரு டிரெசர் சபாபதியாரே, மருத்துவ உதவியாளர் திலகமே!

மனித இதயத்தின் மறைபொருளை மண்ணுலகில் முதன்முதல் கண்டவர் தாங்களே என்று இம்மடல் துணிந்து முழங்குகிறது. தங்களுக்கு முன்னரே கண்டவர்கள் சிங்கப்பூரில் சிலர் இருக்கிறார்கள். இன்றைய பிரிவுபசார விழாவுக்கு அவர்களை நாங்கள் அழைக்கவில்லை.

பதினோராண்டுக் காலம் இருட்டறையில் ஒளி வளர்த்தீர்கள். பெரிபெரி நோயில் கால் வீங்கி வந்த ரப்பர் மரப் பால் வெட்டுக்காரர்களுக்குத் தவிட்டுக் கஞ்சி கொடுக்கச் செய்து, மாதந்தோறும் படமெடுத்து, பெருத்த இதயம் சிறுத்து வருவதை டாக்டருக்குக் காட்டினீர்கள். "மார்பில் நாடா வைத்து எடுத்த அகலத்தில் பாதியைப் படத்தில் தாண்டினால் இதயம் பெருத்தது" என்று அளவுகோல் வைத்துச் சொல்லும்போது தங்கள் குரலில் ஒரு நீதிபதி உட்கார்ந்திருப்பார். ஆறு மாதத்துக்கு முன் அந்த அளவுகோலைத் தங்கள் சொந்தப் படத்தின்மேலும் வைத்தீர்கள். பாதியைத் தாண்டியது. இதயம் பெருத்துவிட்டதென்று முடிவுகட்டி, ஐம்பது வயதிலேயே ஓய்வு கேட்டு மனுப்போட்டீர்கள். காப்பியை விட்டீர்கள், மாடிப்படியை விட்டீர்கள், எங்களைத் திட்டுவதையும் விட்டீர்கள். கடைசியாகச் சொன்னதற்காகவே தங்களுக்கு ஒரு மடல் தகும்.

சபையோரே! சென்ற வாரம் செவ்வாயன்று நடந்ததைக் கேளுங்கள். நெஞ்சு குத்துகிறதென்று தெப்ராவ் பக்கத் தோட்டத்திலிருந்து அய்யாவு என்ற பால் வெட்டுக்காரர் வந்தார். அவர் கழற்றிய சட்டையை வாங்கிக்கொண்டு மனைவி அங்கம்மாளும் அறைக்குள் நின்றார். சபாபதியார் தம் வெல்வெட்டுத் தலையணையை எக்ஸ்ரே தகட்டின்முன் செருகினார். வந்தவர் நெஞ்சில் வெறும் தகடு சில்லென்று படுவது மரியாதையில்லை என்று சென்ற ஆண்டு அவரே கொண்டுவந்த ஏற்பாடு அது. படம் கழுவி வந்தது. பாதியைத் தாண்டியது.

"இனி வேலைக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை கப்பல்ல ஊருக்கு ஏத்திருவாங்க," என்றார் சபாபதியார், நீதிபதிக் குரலில்.

ஊரில் அவர்களுக்கு வீடுமில்லை, நிலமுமில்லை. அய்யாவு சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். அங்கம்மாள் படத்தைப் பார்க்கவில்லை, தலையணையைப் பார்த்தார்.

"ஐயா, லயத்து வீட்டுல வெளக்கு வெச்சி புள்ளைங்களுக்கு நெழல்ல நண்டு காட்டுவேன். கைய செவுத்த விட்டுத் தள்ளுனா நண்டு பெருசாயிரும். இந்த மெத்தைய தூக்கிட்டு எடுங்க."

"இது என் சம்சாரம் தைச்சது, தெரியுமா? பூவேலை பாரு!"

"நல்லாத்தான் தைச்சிருக்காங்க. தூக்குங்க."

"அலமாக்!" என்று வாயைப் பொத்திக்கொண்டார் எங்கள் மருத்துவமனை ஆயா தனலெட்சுமி. தகட்டில் நெஞ்சை ஒட்டி எடுத்த இரண்டாம் படத்தில் அய்யாவுவின் இதயம் பாதிக்கு உள்ளேயே அடக்கமாக இருந்தது. குத்தலுக்கு ஓமத்தண்ணீர் போதும் என்றார் டாக்டர்.

"அப்ப நாளைக்கு வேலைக்குப் போலாம்லங்க?" என்று அய்யாவு எழுந்தார். அங்கம்மாள் சட்டையை அவர் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டார், மறுபடி யாராவது அளந்துவிடுவார்களோ என்று.

மாண்புமிகு சபாபதியாரே! அன்று மாலை கதவைத் தாழிட்டு, தலையணை இல்லாமல் தாங்கள் தகட்டின்முன் நின்றது எங்களுக்குத் தெரியும். படத்தைக் கழுவியவர்கள் நாங்கள். நூறாண்டு நோயற்று வாழ்கவென்று பிறர் மரியாதைக்காக வாழ்த்துவார்கள். நாங்கள் படம் பார்த்து வாழ்த்துகிறோம். காப்பி குடியுங்கள். மாடி ஏறுங்கள். ஆசை தீர இன்று ஒருநாள் எங்களைத் திட்டுங்கள். தலையணையைத் துவைத்து இத்துடன் தருகிறோம்.

தங்கள் நெஞ்சை நேரில் கண்ட,
மருத்துவமனை ஊழியர்கள்
உலு திராம், 1936

குறிப்பு: தங்கள் இதயம் சரியான அளவில் இருக்கிறது. ஆனால் தங்கள் ஓய்வு ஆணை அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள் திங்கட்கிழமையே வந்துவிட்டது, இனி அதை மாற்ற முடியாது.