சோப்புத்தூள் விளம்பரத்தில் வரும் கோட்டுக்காரன்

அடுத்தவர் எழுதியதில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது, மேடம். நீங்கள்தான் மாலை வகுப்பில், பக்கத்தில் இருப்பவருடைய கட்டுரைக் குறிப்புகளைப் படித்துக் கருத்துச் சொல்லுங்கள் என்றீர்கள். என் பக்கத்தில் இருந்தது என் வீட்டுக்காரி.

விளம்பரங்களில் ஆணையும் பெண்ணையும் எப்படிக் காட்டுகிறார்கள் என்பது தலைப்பு. அவள் எடுத்துக்கொண்டது சோப்புத்தூள். துவைத்து முடிப்பது பெண். கடைசியில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஓர் ஆள் வந்து, துணி ஏன் வெளுத்தது என்று அவளுக்கே பாடம் நடத்துகிறான். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நன்றாக இருந்தது, அதுதான் சங்கடம். நான் எழுதி வைத்திருந்தது 'ஆணும் பெண்ணும் சமம்' என்று ஒரே வரி. அதுவும் இழுத்துப் பறித்து எழுதியது.

சிறந்த கட்டுரைக்குப் பட்டப்படிப்பில் ஓர் இலவச இடம் என்றிருந்தீர்கள். கல்யாணத்தோடு படிப்பு நின்றுபோனவள், அந்த இடத்துக்காகத் தவம் கிடந்தாள். எனக்கும் தெரியும். அதனால்தான் பொறுமையாகச் சொன்னேன்.

"இந்தக் கோட்டுக்காரன் சமாசாரம் ரொம்பச் சின்ன விஷயம்மா. எடுத்துடு. பொதுவா எழுது, அப்பதான் கனமா இருக்கும்."

"அதை எடுத்துட்டா அப்புறம் என்னங்க மிச்சம் இருக்கு?"

"நான் உனக்குக் கெடுதல் சொல்லுவேனா?"

எடுத்துவிட்டாள். பாவம், என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அவள் உழைப்பு வீணாகப் போக எனக்கு மனசு வரவில்லை. என் தாளில் அப்படியே எழுதிக்கொண்டேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இடம் ஒரே வீட்டுக்குத்தானே வரப்போகிறது, யார் படித்தால் என்ன?

நீங்கள் சிவப்பு மையால் சுழித்திருக்கும் வரியையும் நான் மறுக்கவில்லை. 'எங்கள் வீட்டிலும் இதே கதைதான். நான் துவைக்கிறேன், என் கணவர் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்கிறார்.' அவசரத்தில் அதையும் சேர்த்துக் காப்பியடித்துவிட்டேன். எனக்குக் கணவர் கிடையாது. தவிர, அது அபாண்டம். நான் சும்மா நிற்பதில்லை, எதை எவ்வளவு நேரம் ஊறப்போட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பேன்.

ஆக, திருடியது நான்தான். அந்த இடத்தையும் தட்டிப் பறிக்கத்தான் பார்த்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

அவளைக் கூப்பிட்டு விசாரிக்க மட்டும் வேண்டாம், மேடம். வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குக் கோர்வையாகப் பேச வராது. நீ உள்ளே வராதே, உன் பக்கத்து நியாயத்தை நானே விளக்கிச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.