கோயில் மணிக் கயிறு எங்கே போயிற்று?

தலைமை ஏற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் முதியோர்களே, மடியில் பிள்ளையையும் மனத்தில் பொறுமையையும் சுமந்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் செல்போனுக்குத் தலைவணங்கியிருக்கும் தம்பிமார்களே, உங்கள் அனைவருக்கும் ஆலங்குடிக் கடலை வியாபாரி சார்லஸின் மாலை வணக்கம்.

கோயிலுக்குத் தானியங்கி மணி வாங்கித் தந்தேன் என்று எனக்குப் பொன்னாடை வைத்திருக்கிறீர்கள். மடிப்புக் கலையாமல் அது அப்படியே இருக்கட்டும். முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள்.

என் தொழில் சந்தேகப்படும் தொழில். மூட்டையின் வாயில் முத்து முத்தாய்க் காய் இருக்கும். நான் அடிவரை கையை விட்டுப் பார்ப்பேன். அங்கே மண் இருக்கும், பருப்பில்லாத பொக்கு இருக்கும். ஜஸ்டின், சிரிக்காதே, உன் மூட்டையைத்தான் சொல்கிறேன்.

அந்தக் கண்ணோடுதான் நம் கோயிலில் தினமும் மணி அடித்துவந்த சந்தனமேரியையும் பார்த்தேன். நோயில் கிடந்த கணவர் இருளாண்டி பிழைக்க வேண்டும் என்று தவக்காலம் முழுதும் ஒருவேளைச் சோற்றோடு மன்றாடினார். இருளாண்டி பிழைக்கவில்லை. அடக்கம் செய்த மறுநாளே மாலை ஆறு மணிக்கு வழக்கம்போல வந்து மணிக் கயிற்றை இழுத்தார். கேட்டது கிடைக்காத கடைக்கு யார் திரும்பிப் போவார்? ஏதோ ஆதாயம் இருக்கிறது என்று எண்ணி நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"நம்பிக்கை சில நாளு இருக்குண்ணே, சில நாளு இல்ல. இல்லாத அன்னைக்கும் ஆறு மணி வருதுல்ல" என்றார்.

அவர் மேல் இரக்கப்பட்டேனாம், இயந்திரம் வாங்கினேனாம். இனி கயிறு எதற்கு என்று அவிழ்த்துக் கடைக்குக் கொண்டுபோனேன். நல்ல கயிறு, லாரிப் படுதா கட்ட உதவியது. மணி தானாய் அடித்தது. நாம் தானாய் நின்றுவிட்டோம். மாலைச் செபத்துக்கு முப்பது பேர் வந்தார்கள், பிறகு பத்துப் பேர், பிறகு சந்தனமேரி மட்டும்.

போன மாதம் இயந்திரம் பழுதாகி மூன்று நாள் மணி அடிக்கவில்லை. யார் கேட்டோம்? கோயிலடியில் குடியிருப்பவர் கேட்டாரா? கொடை கொடுத்த நான் கேட்டேனா? நான்காம் நாள் சந்தனமேரி கடைக்கு வந்தார்.

"அந்தக் கயித்தக் குடுங்கண்ணே. ஒருத்தரும் தேடலைன்னாலும் அடிக்கணும்ல."

கயிறு கறம்பக்குடிக்கு லோடோடு போயிருந்தது. வெறுங்கையோடு அனுப்பிவைத்தேன்.

அன்றுதான் என் மூட்டைக்குள் நானே கையை விட்டுப் பார்த்தேன். இரக்கமா இருந்தது அங்கே? இல்லை, ஐயா. ஒரு மனுசி இழுத்து அடிக்கிற மணி, நீ ஏன் வரவில்லை என்று கேட்கும். இயந்திரம் கேட்காது. அதற்காகத்தான் வாங்கினேன். கடவுளைச் சந்தேகித்தேன், சந்தனமேரியைச் சந்தேகித்தேன், என்னைச் சந்தேகிக்க மறந்தேன்.

இதோ கயிறு. டிரைவரிடம் திரும்ப வாங்கி வந்துவிட்டேன். சந்தனமேரி ஒருவரே இழுத்தது போதும். இயந்திரம் ஓயட்டும், நாளை முதல் வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்து நாமே இழுப்போம். முதல் முறை என்னுடையது. வருவேனா? எனக்கே ஐயம். மழை பெய்யலாம், லோடு வரலாம், மனம் வராமலும் போகலாம்.

இவ்வளவு நேரம் பொறுத்திருந்தவர்களுக்கு நன்றி, பாதியில் எழுந்து போனவர்களுக்கும் வணக்கம். என் பேச்சை மட்டும் நம்பிவிடாதீர்கள். நாளை மாலை ஆறு மணிக்கு வந்து பாருங்கள். நான் இல்லாவிட்டாலும் கயிறு இருக்கும். இழுங்கள்.