கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

மேடம், மேடம், ஒரே நிமிஷம். பூட்டைப் போட்டுறாதீங்க. சாப்பாட்டு நேரம்தான், தெரியுது, டப்பாவக் கையிலயே வெச்சிருக்கீங்க. பசி நேரத்துல வழிய மறிக்கிறது பாவந்தான். ஆனா நாலு மணியோட அந்த உதவி நிதி ஆபீஸுல மனு வாங்குறத நிறுத்திடுவாங்க. விட்டா அடுத்த வருஷம்தானாம். எம்பொண்ணுக்கு மறுபடியும் ஒரு காது டெஸ்ட் எடுத்துக் குடுங்க. இதோ, பெஞ்சில உக்காந்து கால ஆட்டிட்டு இருக்காளே, அவதான். ஆறு வயசு முடிஞ்சிருச்சு. சரியான வாலு.

பழைய டெஸ்ட்டா? இருக்கு, இந்தாங்க. ரெண்டு மாசம் ஆச்சு. ஆமா, இங்கதான், இதே ரூம்தான். அப்ப நீங்க இல்ல, சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட சார் ஒருத்தர் இருந்தாரு. அவருதான் காது கேக்குறதுல கொற இருபத்தாறு சதவீதம்னு எழுதிட்டாரு. நாப்பது இருந்தாத்தான் காது மெஷினுக்குப் பணம் குடுப்பாங்களாம். என் எட்டு மாசச் சம்பளம் மேடம் அந்த மெஷின். நான் தையல் கம்பெனியில காலர் தைக்கிறவ, எங்க போவேன்?

ஆறு மாசம் கழிச்சா? ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. ரூல்ஸ் ரூல்ஸ்தான், நான் இல்லேங்கல. தகுந்த காரணம் இருந்தா நீங்களே எழுதி மறுபடி எடுக்கலாம்னு கீழ கவுண்டர்ல சொன்னாங்களே! காரணம்... அன்னிக்கு அவளுக்குச் சளி மேடம். மூக்கு ஒழுகிட்டே இருந்துச்சு. என்னது? சளி இருந்தா இன்னும் மோசமாத்தான் காட்டுமா? நல்லாக் காட்டாதா? ம்ம். அதுவும் சரிதான். அப்ப உங்க மெஷின்ல ஏதாவது கோளாறு... சரிபாத்துச் சீட்டே ஒட்டியிருக்கீங்களா. சரி சரி, கோவிச்சுக்காதீங்க. வாய் தவறி வந்துருச்சு.

நான் ஏறாத படி இல்ல மேடம். கம்பெனி மேனேஜர்கிட்டப் போனேன். நலநிதி வேலை செய்யறவங்களுக்குத்தான், புள்ளைங்களுக்குக் கிடையாதுன்னுட்டாரு. தர்மம் பண்ற டிரஸ்ட் ஒண்ணு இருக்குன்னாங்க, அரைநாள் சம்பளத்த விட்டுட்டுப் போனேன். அந்தம்மா நல்ல மாதிரிதான், தண்ணியெல்லாம் குடுத்தாங்க. இந்தத் தாளப் பாத்ததும் மொகம் மாறிப்போச்சு. இது சின்னக் கொறதானேம்மா, இதவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேரு இருக்காங்கன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. எங்க போனாலும் இந்த ஒத்தத் தாளு எனக்கு முன்னாடி போய் உக்காந்துக்குது.

கடைசியா மெஷின் விக்கிற கடைக்கே போனேன், தவணை கெடைக்குமான்னு கேக்க. கடைக்காரர் சும்மா போட்டுப் பாக்கட்டும்னு ஒண்ண எடுத்து அவ காதுல மாட்டிவிட்டாரு. அப்படியே நின்னா மேடம். ஒரு அடி வெச்சா. குனிஞ்சு தன் செருப்பப் பாத்தா. இன்னொரு அடி வெச்சா. அப்புறம் கடை முழுக்கத் தொப்பு தொப்புன்னு நடக்குறா, நடக்குறா, நிறுத்தவே இல்ல. செருப்புக்குச் சத்தம் உண்டுன்னு அன்னிக்குத்தான் அவளுக்குத் தெரியும். பத்து நிமிஷம் கழிச்சு அவளே கழட்டி அவரு கையில குடுத்துட்டா. வேணும்னு ஒரு வார்த்தை கேக்கல. அழுது பொரண்டிருந்தாக்கூட எனக்கு இவ்ளோ வலிச்சிருக்காது.

அந்தக் கடைக்காரர்தான் சொன்னாரு, இந்தத் தாளும் இந்தப் புள்ளையும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தலம்மா, இன்னொரு தடவை எடுங்கன்னு.

இல்ல மேடம், அந்த சார் மேல நான் குத்தம் சொல்லல. சத்தியமா இல்ல. அவரு பாட்டுக்கு ஒழுங்காத்தான் செஞ்சாரு.

காரணம் இல்லாம எழுத முடியாதா. ம். போகாதீங்க, சொல்றேன். இந்தப் பக்கம் வாங்க, அவ பாக்குறா. வாயப் பாத்தே பாதி புரிஞ்சுக்குவா.

அப்ப ஸ்கூல்ல ஒரு சீட்டு கேட்டாங்க. காது சரியா இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வா, இல்லேன்னா இவள இங்க வெச்சுக்க முடியாதுன்னு. இவள வேற யாரு சேத்துக்குவா? அந்த பயத்துலதான் இங்க கூட்டிட்டு வந்தேன். உதவி, நிதி எதுவும் அப்ப எனக்குத் தெரியாது மேடம். உள்ள அவ, காதுல ஹெட்போன், கையில பட்டன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சார். நான் அவரு முதுகுக்குப் பின்னாடி. அவரு விரல் மெஷின அமுக்கிச் சத்தம் குடுக்குறது எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. எங்க கம்பெனியில எரநூறு தையல் மெஷின் ஓடுற சத்தத்துல நாங்க பேசிக்கிறதெல்லாம் கண்ணாலதான். வீட்லயும் அவகிட்ட அப்படித்தான். அவரு விரல் அழுந்தும், நான் கண்ணச் சிமிட்டுவேன், அவ பட்டன அமுக்குவா. எல்லாத்துக்கும் சிமிட்டல, சந்தேகம் வந்துருமே. பத்துக்கு ஏழு. அவ்ளோ கெட்டிக்காரி நான். பழக்க தோசம்னெல்லாம் சொல்ல மாட்டேன், தெரிஞ்சேதான் செஞ்சேன். வெளிய வந்ததும் பாஸாயிட்டேடின்னு முட்டாய் வாங்கிக் குடுத்தேன். கொற கொஞ்சந்தானேன்னு ஸ்கூல்லயும் அவள வெச்சுக்கிட்டாங்க.

இப்ப அதே சீட்ட வெச்சுக்கிட்டு டீச்சர் அவள வெயில்ல நிக்க வெக்கிறாங்க. காது நல்லாத்தானே இருக்கு, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா, திமிருன்னு. இவ அப்பாவும் நேத்து இவ மேல கைய ஓங்கிட்டாரு. நான் எந்த மொகத்த வெச்சுக்கிட்டுத் தடுக்கிறது?

எழுதுங்க மேடம். அம்மா ஏமாத்திட்டான்னே எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன். ஸ்கூலுக்குத் தெரிஞ்சா தெரியட்டும். எனக்கு என்ன தண்டனைன்னாலும் சரி, அவளுக்கு மெஷின் கெடைக்க மட்டும் ஒரு வழி விட்டு எழுதுங்க.

டப்பாவ வெச்சிட்டீங்களா? நீங்க நல்லா இருக்கணும் மேடம். அவள உள்ள கூட்டிட்டுப் போங்க. நான் வரல. கீழ தெருவுல போய் நிக்கிறேன். அந்தத் திரைய நல்லா இழுத்து மூடிடுங்க, கண்ணாடி வழியா என்னையத்தான் தேடுவா. தேடட்டும்.