ஐந்து நாள் ஊறிய பாய்

பாய் ஊறப்போட மழைத்தண்ணீர்தான் நல்லது. நாங்கள் இருக்கும் ஏவன்டேலில் அதற்குக் குறைவில்லை. எங்கள் கராஜ் வாசலில் புதுக் குப்பைத்தொட்டி ஒன்றை வைத்து, கூரைத் தண்ணீர் அதற்குள் விழும்படி பீலி திருப்பியிருக்கிறேன். மேலே ஒரு கல். அவ்வளவுதான் என் பட்டறை.

வாள் கழகத்தாரே, நீங்கள் எல்லோருக்கும் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறீர்கள். "அன்று நீங்கள் பார்த்தது என்ன?" என்று ஒரு கேள்வி, கீழே ஏழு கோடுகள். என் ஆங்கிலம் பஸ்ஸுக்கும் கடைக்கும் போதும், இதற்குக் காணாது. தமிழில் எழுதுகிறேன். கழகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் கீதனும் அவன் கட்டப்போகிற சிவானியும்தான். கீதனைக் கஷ்டப்படுத்த வேண்டாம். சிவானி, பிள்ளை, ஒரு தேத்தண்ணி போட்டு வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசி. பிறகு ஒரு சொல்லும் விடாமல் அவர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடு.

என் பெயர் பத்மாவதி. கீதனின் அக்கா. அம்மா போனபோது எனக்குப் பத்தொன்பது வயது, அவனுக்கு ஒன்று. பிறகு அவனுக்கு எல்லாம் நான்தான். எனக்கும் எல்லாம் அவன்தான் என்று சொல்லத் தேவையில்லை.

நான் வாளைத் தொட்டதில்லை. மவுண்ட் வெல்லிங்டனில் திரைச்சீலை தைக்கும் இடத்தில் பதினொரு வருடம் வேலை. துணி சுற்றிப் பழகிய கை. கீதன் ஜப்பானிய வாள் பழகத் தொடங்கியபோது, வெட்டுவதற்கான பாய்களைச் சுற்றிக் கட்ட ஆள் இல்லை என்றார்கள். அப்படித்தான் கழகத்துக்குள் வந்தேன். புல்பாயை இறுக்கிச் சுருட்டி, கட்டி, ஒரு நாள் ஊறவிட்டு, தண்ணீர் வடிய நிறுத்தி, போட்டி நாளில் முளையில் குத்தி வைப்பது என் வேலை. வெட்டுகிறவர் ஒரே வீச்சில் சரிவாக வெட்ட வேண்டும். மிச்சப் பாய் ஆடாமல் நிற்க வேண்டும்.

நன்றாக ஊறிய பாய் மனிதத் தசை மாதிரியே வெட்டுப்படுமாம். பயிற்சியாளர் கிரேக் முதல் நாளே சொன்னார். சிவானிதான் எனக்கு அதைத் தமிழில் சொன்னாள். அவள் மறந்திருப்பாள்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு மதியம் கீதன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"அக்கா, கலியாணம் முடிய நானும் சிவானியும் பிரிஸ்பேன் போறம். வேலை சரிவந்திட்டுது."

"நானோ?"

"நீங்கள் வந்து வந்து போகலாம்தானே. பிளேனிலை ஏறி ஒரு படம் பார்த்து முடிக்க இறங்கிடுவியள்."

அவனுக்கு இன்னொரு மீன் துண்டு வைத்தேன். நல்ல செய்திதானே. மறுநாள் அவனுடைய பயிற்சிப் பாயை மட்டும் அரை நாளில் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டேன்.

அரை நாள் ஊறிய பாய் விறைப்பாக இருக்கும். அடுத்த வாரம் ஒரு பாய் இருக்குமிடத்தில் ஒன்றரைப் பாய் சுற்றினேன். அதற்கடுத்து இரண்டு. ஏப்ரலில் நடுவில் ஒரு மூங்கிலும் வைத்தேன். எலும்புக்குப் பதிலாக மூங்கில் வைத்துப் பழகுவது வழக்கம்தான். நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

"என்னக்கா, பாய் இரும்பு மாதிரிக் கிடக்கு?"

"உன்ரை கை பஞ்சு மாதிரிக் கிடக்கோ என்னவோ."

சிவானி சிரித்தாள். "அக்கா, உங்கட தம்பி பாய் வெட்டுறாரோ, விறகு கொத்துறாரோ?"

"நீர் ஒருக்கா வந்து வெட்டிப் பாரும், பிறகு கதையும்," என்றான் அவன்.

மூன்று பேரும் சிரித்தோம். நல்ல நாட்கள் அவை.

பாரமான பாய்க்குப் பலம் தேவை. பலம் எடுப்பதற்காக அவன் மெல்ல மெல்ல இடது காலை முன்னுக்கு வைக்கத் தொடங்கினான். அது கூடாது. வாள் வந்து முடிகிற பக்கம் அது. கிரேக் இரண்டு தரம் வந்து, தன் பாதத்தால் அவன் பாதத்தைத் தட்டிப் பின்னுக்குத் தள்ளினார். அந்த நேரம் சரியாக வைப்பான். பாய் விறைப்பாக நின்றால் கால் தானாக முன்னே வந்துவிடும். நான் சுவரோரம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் பழகிய கால் ஒரு காலையில் திருந்தாது என்று கையால் வேலை செய்கிற எவருக்கும் தெரியும்.

போட்டிக்கு எல்லோருக்கும் ஒரு நாள் ஊறிய பாய். கீதனுக்கு மட்டும் ஐந்து நாள். அதுவும் பழைய பாய், உள்ளே இற்றுப்போனது. வெளியே ஒரு சுற்றுப் புதுப்பாய் போர்த்திக் கட்டினேன். கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. தூக்கினால் தெரியும், தூக்கி வைப்பது நான்தானே.

சனிக்கிழமை காலை பத்தரை மணி. மண்டபத்தில் நல்ல வெளிச்சம். அவன் குனிந்து வணங்கினான். என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

பாய் வெட்டுப்படும்போது ஒரு சத்தம் வரும். அன்று வரவில்லை. இரும்பை வெட்டப் பழகிய கை தண்ணீரை வெட்டியது. வாள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கீழே இறங்கியது. இடது கால் வழக்கம்போல முன்னுக்கு இருந்தது.

முதலில் ஓடிப்போனது நான். வழக்கமாகக் கை துடைக்க ஒரு துவாய் கொண்டுபோவேன். அன்று நான்கு கொண்டுபோயிருந்தேன். திரைச்சீலை நாடாவும் பையில் இருந்தது. தொடையில் அதை இறுக்கிக் கட்டியதால்தான் உயிர் தப்பினான் என்று டொக்டர் சொன்னார். கிரேக் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். சிவானி என் கையை விடவேயில்லை. வெட்டுப்பட்ட பாய்த் துண்டுகளை மறுநாள் நானே போய்க் கூட்டி அள்ளி, தோட்டத்துத் தக்காளிக்குப் போட்டேன். அதுவும் என் வேலைதான்.

கால் இருக்கிறது. பாதம்தான் சொல்வழி கேட்பதில்லை. பிரிஸ்பேனில் வேலை கொடுத்தவர்கள் ஒரு மாதம் பார்த்துவிட்டு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

இதை நான் எழுதியிருக்கத் தேவையில்லை. ஒருவரும் என்னைச் சந்தேகப்படவில்லை. ஆனால் உங்கள் அறிக்கையில் "போட்டியாளரின் கவனக்குறைவு" என்று எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். கீதனும் படுக்கையில் கிடந்து, "என்ரை பிழை அக்கா, கிரேக் சொன்னவர், நான்தான் கேக்கேல்லை," என்று புலம்புகிறான். அதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. என் தம்பியின் கையில் பிழை இல்லை. வீடியோவை நிறுத்தி அந்தச் சரிவைப் பாருங்கள். அதைவிட நேரான வெட்டு அன்று ஒருவரும் வெட்டவில்லை. பிழை பாயில். பாய் நான் சுற்றியது. தயவுசெய்து திருத்தி எழுதுங்கள்.

அவனுக்கு ஏழு வயதில் கனடாவிலிருந்து பெரியம்மா வந்து, தான் கூட்டிக்கொண்டு போய் வளர்ப்பதாகக் கேட்டா. எல்லாம் சரிவந்து, போகிற கிழமை அவனுக்குக் கடும் காய்ச்சல். மூன்று வாரம் எழும்பவில்லை. பெரியம்மா தனியே போனா. அந்தக் காய்ச்சலைப் பற்றி இந்தப் படிவத்தில் கேள்வி இல்லாதபடியால் எழுதவில்லை.

சிவானி, நீ நான்கு தரம் வந்து கதவைத் தட்டினாய். அவன் நித்திரை என்று சொன்னேன். அவன் நித்திரையில்லை. கோபிக்காதே, பிள்ளை. நீ வந்து போனால் பிறகு அவனுக்கு எழும்ப வேண்டும்போல இருக்கும். டொக்டர் எழும்பிப் பழகச் சொன்னவர்தான். ஆனால் எங்கள் வீட்டுப் படி வழுக்கும்.

இப்போது நான் வேலையை விட்டுவிட்டேன். காலையில் முகம் கழுவிவிடுகிறேன், சோறு குழைத்துக் கொடுக்கிறேன். சின்னனில் போலவே வாயைத் திறக்கிறான்.

நேற்று, ஊன்றுகோல் எங்கே என்று கேட்டான். விழுந்துவிடுவான் என்று கராஜில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். பூட்டின் திறப்பு என் கழுத்துச் சங்கிலியில் கிடக்கிறது. சொன்னேன். என் கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். மறுபடி கேட்கவில்லை. என்னை விட்டுப் போக அவனுக்கும் ஒருநாளும் விருப்பம் இருந்ததில்லை என்பது அதிலேயே தெரிகிறதுதானே.