நீல நாடா கட்டிய கொடிகள்

விருந்துக்குத் தலைமை தாங்கி, என் பேச்சுக்குப் பத்தே நிமிடம் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் தலைவர் டுவெய்ன் ஃபைஃபர் அவர்களே! மணலில் கால் ஊன்றி, மண்வெட்டியில் கை ஊன்றி, நம் லோடை ஊர் மண்ணின் மானத்தை மரப்பீப்பாய்க்குள் காத்துவரும் திராட்சைப் பழங்கொடி வளர்ப்போர் சங்கத்துப் பெரியோர்களே! விடியுமுன் எழுந்து ஆயிரத்து இருநூறு ராவியோலிக் கொழுக்கட்டையைக் கையால் மடித்து வேகவைத்துவிட்டு, அதை ஆறவைக்கவே வந்தவன் என்று என்னை முறைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! ஒயினைச் சுவைத்துவிட்டுத் துப்பவென்று மேசைக்கு ஒன்றாக வைக்கப்பட்டும், இத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூட ஒரு துளிகூடத் துப்பாத துப்பு வாளிகளே! அடுக்களைக் கதவோரம் நின்றுகொண்டிருக்கும் அறுவடைத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் தொரியானி மளிகையின் நெல்லோ தொரியானி தலை தாழ்த்தி வணக்கம் சொல்கிறேன். தலை தாழ்த்துவது எனக்குப் பழக்கமில்லை. இன்று பழகிக்கொள்ள வந்திருக்கிறேன்.

என்ன டுவெய்ன்? ஒரு நிமிடம் போய்விட்டதா? வணக்கம் சொன்ன நேரத்தையுமா கணக்கில் சேர்ப்பீர்கள்? சரி, சரி. விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்றாம் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே வெர்னா ரைமர் அம்மையார், அவருடைய பதினொரு ஏக்கர் தோட்டத்து வாசலில் நேற்றிலிருந்து ஒரு மஞ்சள் இயந்திரம் நிற்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்கு அது உள்ளே நுழையும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கில் நட்ட ஜின்ஃபண்டல் திராட்சைக் கொடிகள் வேரோடு வெளியே வரும். அந்த இடத்தில் பாதாம் கன்று நடுவார்கள். அதைத் தடுக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. நான் இந்த மேடையில், உங்கள் எல்லோர் முன்னிலையிலும், ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை நேற்று மாலையிலிருந்து கண்ணாடிமுன் நின்று பழகுகிறேன். பாதியில் இருமல் வந்துவிடுகிறது.

சிரிக்காதீர்கள்! சிரிக்காதீர்கள் தாய்மார்களே! பெருமை பேசிப் பேசியே பருத்த நாக்கு, பணிந்து பேசு என்றால் உடனே பேசிவிடுமா?

போன ஆண்டு மார்ச் மாதம். இதே மண்டபம். இதே மேடை. இதே நீலச் சட்டை. நான் என்ன பேசினேன்? நினைவிருக்கிறதா? “ஒரு தோட்டம், ஒரு கொடி, ஒரு ரத்தம்!” என்று முழங்கினேனா இல்லையா? “பழங்கொடி என்றால் பத்தரைமாற்றுப் பழங்கொடி! ஜின்ஃபண்டல் என்றால் ஜின்ஃபண்டல் மட்டும்! இடையிலே கரின்யான் திராட்சை எதற்கு? நடுவிலே அலிகாண்டே திராட்சை எதற்கு? கலப்பு என்பது கறை! கறை என்பது குறை!” என்று மேசையைக் குத்தினேனா இல்லையா? நீங்கள் கை தட்டினீர்களா இல்லையா? டுவெய்ன், நீங்கள் எழுந்து நின்றே தட்டினீர்கள். இப்போது ஜன்னல் பக்கம் பார்க்காதீர்கள்.

எவன் பேசினான் தூய்மை? இந்த நெல்லோ பேசினான். என் அப்பா இத்தாலியில் லூக்கா ஊர்க்காரர். என் அம்மா போர்த்துகீசிய அசோரஸ் தீவுக்காரர் மகள். என் மனைவியோ டகோட்டாவிலிருந்து இறங்கி வந்த ஜெர்மானியக் குடும்பம். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் ராவியோலிக்கு ஒரு பக்கம் போர்த்துகீசியத் தொத்திறைச்சி, இன்னொரு பக்கம் புளிக்கவைத்த முட்டைக்கோஸ். அதை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டுவிட்டுத்தான் அன்றைக்கு இங்கே வந்து கலப்பைக் கண்டித்தேன்.

கை தட்டியவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய் மறந்துவிட்டீர்கள். அது உங்கள் பெருந்தன்மை. ஒரே ஒருவர் மறக்கவில்லை. வெர்னா அம்மையார் மறக்கவில்லை. ஏன் மறப்பார்? இருபத்தாறு ஆண்டுகளாக அவர் வீட்டுக் கொட்டகையில் ஆகும் ஒயின் முழுவதையும் வாங்குகிறவன் நான் ஒருவன்தான். நான் வாங்கினால் கொடி நிற்கும். நான் கையை விரித்தால் பாதாம். இப்படிப்பட்டவன் மேடையேறிக் கத்தினால், கேட்பவர் என்ன செய்வார்?

ஆகஸ்டு மாதம் ஒரு பெட்டி நிறைய நீல நாடா வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். அவருடைய தோட்டத்து மேஸ்திரி எபிஃபானியோ ரங்கெல். இருபது அறுவடை கண்டவர். ஜின்ஃபண்டல் அல்லாத ஒவ்வொரு கொடியிலும் நாடா கட்டும்படி அவரிடம் அம்மையார் சொன்னார். ஐந்து கொடிக்கு ஒரு கொடி நீலமாகிக்கொண்டே வந்ததாம். அப்போது அவர்கள் பேசிக்கொண்டதை, பேசியவர்களே எனக்குச் சொன்னபடி, நான் அப்படியே சொல்கிறேன்.

“அம்மா, இதுங்களை விட்டுட்டா ஒயின் நொண்டும்மா. நட்டவங்க தெரியாமலா நட்டாங்க?”

“நெல்லோ மேடையில சொல்லிட்டாரு, எபி. கலந்தா வாங்கமாட்டாரு.”

“அவருக்கு என்னம்மா தெரியும்? அவரு குடிக்கத்தானே செய்றாரு.”

“குடிக்கிறவருதான் காசு தர்றாரு. கட்டு நாடாவை.”

கட்டினார் எபிஃபானியோ. பறிக்கும்போது நீல நாடாக் கொடியை யாரும் தொடவில்லை. நட்ட நாள் முதல் நூற்றுச் சொச்சம் அறுவடையில், அந்தத் தோட்டத்து ஜின்ஃபண்டல் தன்னந்தனியாகத் தொட்டிக்குள் இறங்கியது அதுவே முதல் முறை. தொங்கிக் கிடந்த பழத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல், “நான் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டு, வெர்னா அம்மையார் சம்மதத்தோடு, எபிஃபானியோ அதைத் தன் வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போனார். வருகிற மே மாதம் அவர் மகளுக்குப் பதினைந்து வயது நிறைவு விருந்து. அதற்கென்று மூன்று பீப்பாய் ஒயின் போட்டார்.

இதில் எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு எழுத்துகூடத் தெரியாது! இந்தப் பின்னணியில்தான் பெரியோர்களே, கடந்த வியாழக்கிழமை, இருபத்தாறு ஆண்டு அனுபவமும், ஊரே மெச்சும் மூக்கும், நீளமான கண்ணாடிக் குழாயும் சகிதமாக, நான் வெர்னா அம்மையார் கொட்டகைக்குள் நுழைந்தேன்.

முதல் பீப்பாய். குழாயை விட்டு உறிஞ்சினேன். கோப்பையில் ஊற்றினேன். சுழற்றினேன். முகர்ந்தேன். நிறம் வெளிறிக் கிடந்தது. வாயில் விட்டால் ஒரே ஜாம். தித்திப்பான, சூடான, தலைக்கனம் பிடித்த ஜாம். அந்த மிளகு எங்கே? நாக்கின் ஓரத்தைக் கிள்ளுகிற அந்தப் புளிப்பு எங்கே? இரண்டாம் பீப்பாய், மூன்றாம் பீப்பாய், பன்னிரண்டாம் பீப்பாய். எல்லாம் அதே ஜாம்.

கோப்பையைக் கீழே வைத்தேன். நிமிர்ந்தேன். தாய்மார்களே, இப்போது நான் சொல்லப்போவதை உங்கள் பிள்ளைகள் காதைப் பொத்திவிட்டுக் கேளுங்கள்.

“வெர்னாம்மா,” என்றேன், “இதுல யாரோ கலப்படம் பண்ணியிருக்காங்க.”

ஆமாம்! சொன்னேன்! அந்தத் தோட்டத்தில் நூறு ஆண்டுக்கு மேல் யாரும் செய்யாத அளவுக்குத் தூய்மையான ஒயினைக் குடித்துவிட்டு, கலப்படம் என்றேன்! “நான் இருபத்தாறு வருஷமா விக்கிறது சுத்தமான ஜின்ஃபண்டல். இது என்னமோ வேற. இத என் கடையில வைக்க முடியாது” என்றேன்!

அவர் அடைப்பை எடுத்துப் பீப்பாய் வாயில் வைத்தார். சுத்தியால் ஓங்கி ஒரு அடி அடித்தார். அந்த அடி எனக்கு விழ வேண்டியது என்று அப்போதே தோன்றியது. பிறகு கதவைக் காட்டினார்.

“வெளிய போய்யா.”

மறுநாளே பாதாம்காரர் டேலுக்குப் போன் போனது. அதற்கு அடுத்த நாள் மஞ்சள் இயந்திரம் வந்து நின்றது. நானோ, ஊரின் மானத்தைக் காத்துவிட்ட பெருமிதத்தில் கடையில் உட்கார்ந்து பாலாடைக்கட்டி நறுக்கிக்கொண்டிருந்தேன்.

நேற்று மதியம் எபிஃபானியோ கடைக்கு வந்தார். கையில் ஒரு காகிதப் பை. பைக்குள் ஒரு பாட்டில். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பைக்குள் இருப்பதை யார் ஊற்றினாலும், எங்கே ஊற்றினாலும், யாருடையது என்று கேட்காமல் குடிக்க வேண்டும். குடித்தேன்.

ஆகா! அந்த மிளகு! அந்தப் புளிப்பு! பல்லெல்லாம் கறுக்கிற அந்த நிறம்! நான் எழுந்தே விட்டேன்.

“ஏம்ப்பா எபி, இதான்யா வெர்னாம்மா ஒயின்! இதான் சுத்தமான ஜின்ஃபண்டல்! இத எங்க ஒளிச்சு வச்சிருந்தாங்க?”

“சுத்தமானதுங்களா?”

“பின்ன? ஒரு சொட்டு கலப்பு இருந்தாலும் இந்த மூக்குக்குத் தெரியாதா?”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“ஐயா, இதுல நாலு பங்கு நீங்க வியாழக்கிழமை வேணாம்னு சொன்ன ஒயினு. அஞ்சாவது பங்கு எம்பொண்ணு விருந்துக்கு நான் போட்டு வச்சது. அம்புட்டும் கரின்யானும் அலிகாண்டேயும். இருபத்தாறு வருஷமா நீங்க குடிச்சிட்டு ஆடுனது இந்தக் கலப்பைத்தான்.”

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஹாம் இறைச்சி வாங்க வந்தவர்கள். நாலு பேரும் ஹாமை மறந்துவிட்டு என்னையே பார்த்தார்கள்.

அப்புறம்தான் அவர் எனக்கு விளக்கினார். ஜின்ஃபண்டலுக்குச் சர்க்கரை அதிகம். ஒரே கொத்தில் ஒரு பழம் உலர்ந்து கிடக்கும், பக்கத்துப் பழம் இன்னும் பச்சையாக இருக்கும். அதைத் தனியே விட்டால் தறிகெட்டுப் போகும். கரின்யான் அதற்குப் புளிப்புத் தந்து அடக்கும். அலிகாண்டே நிறம் தரும். நட்டவர்கள் இதை அறிந்து, கையால், வரிசைக்கு வரிசை கலந்து நட்டார்கள். எபிஃபானியோ இருபது அறுவடையாகச் சேர்த்தே பறித்தார். சேர்த்துக் குடித்துவிட்டுத் தனி ஜின்ஃபண்டல் என்று அட்டை எழுதி மாட்டியது மட்டும்தான் என் பங்கு.

கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். சாமான் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வெர்னா அம்மையார் வாசலில் நின்று சொன்னேன்: “பன்னெண்டு பீப்பாயையும் எடுத்துக்கறேம்மா. எபியோட மூணையும் அவரு குடுத்தா, அதுல கலந்து வாங்கிக்கறேன். அந்த மிசினை அனுப்பிடுங்க.”

“வேணாம்.”

“ஏம்மா?”

“நீ இன்னிக்கு வாங்குவ. அடுத்த வருஷம் மறுபடி மேடையேறி வேற ஏதாவது உளறுவ. நானும் மறுபடி நாடா கட்டணும். எனக்கு எழுபத்தோரு வயசுய்யா. எதை மேடையில சொன்னியோ, அதை மேடையிலயே திருப்பி எடு. அப்புறம் பாப்போம் கொடியா பாதாமான்னு.”

ஆகவேதான், அவையோரே, ஆகவேதான் நிற்கிறேன்!

டுவெய்ன், கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள் ஐயா. அது என்னையே பார்க்கிறது.

எத்தனை முறை எத்தனை பேரை ஒரு மடக்கில் எடைபோட்டேன்! எத்தனை பீப்பாயை ஒரு முகச்சுளிப்பில் ஒதுக்கினேன்! குனிந்து பறித்த முதுகுக்குத் தெரிந்தது, நிமிர்ந்து குடித்த மூக்குக்குத் தெரியவில்லையே! மண்ணைத் தொட்டவனிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? கொடியைத் தொட்டவனிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? கோப்பையைத் தொட்டேன், கொள்கை பேசினேன்! அந்தக் கொள்கைக்கு வேறு ஒருவர் தோட்டத்தை விலையாக வைத்தேன்!

வெட்கமாக இருக்கிறது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே வெட்கமாக இருக்கிறது.

வெர்னா ரைமர் அம்மையார் அவர்களே! போன ஆண்டு இந்த மேடையில் நான் சொன்னது... சொன்னது... கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். தண்ணீர்! ஒயின் வேண்டாம்! சொன்னது தவறு. முழுத் தவறு. நான் வாங்கி, விற்று, வாழ்ந்தது உங்கள் தோட்டத்துக் கலப்பை வைத்துத்தான். உங்கள் ஒயினைக் கலப்படம் என்று சொன்னேன். மன்னியுங்கள்.

(கைதட்டல்)

இருங்கள், இருங்கள், தட்டாதீர்கள். அம்மையார் கையை அவிழ்க்கவில்லை. ஏதோ சொல்கிறார். என்னம்மா? கொஞ்சம் சத்தமாக...

“எங்கிட்ட எதுக்குச் சொல்ற? சரியா சொன்னவன் அங்க கதவாண்ட நிக்கிறான். அவன்கிட்ட சொல்லு” என்கிறார்.

நியாயம். நூற்றுக்கு நூறு நியாயம்.

எபிஃபானியோ ரங்கெல் அவர்களே! கதவோரத்திலிருந்து முன்னால் வாருங்கள் ஐயா. ஏன் ஒவ்வொரு வருடமும் அங்கேயே நிற்கிறீர்கள்? டுவெய்ன், எழுந்து நாற்காலியைக் கொடுங்கள். நீங்கள் நின்று பழகியவர், கை தட்ட மட்டுமாவது. எபிஃபானியோ அவர்களே, நீங்கள் சொன்னது சரி. நான் சொன்னது தவறு. உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

என்ன சொல்கிறார்? என்ன? “எனக்குக் கேட்டுச்சுங்கய்யா. பின்னாடி பாத்திரம் கழுவுறவங்களுக்குக் கேக்கலையாம். இன்னொரு வாட்டி” என்கிறார்!

நான் சொன்னது தவறு!

அடுக்களையில் கேட்டதா? கேட்டதா தாய்மார்களே? நான் சொன்னது தவறு! எபிஃபானியோ சொன்னது சரி!

அமைதி, கொஞ்சம் அமைதி. தட்டாதீர்கள். வெர்னா அம்மையார் கைப்பையைத் திறக்கிறார். போனை எடுக்கிறார். யாரும் முள்கரண்டியைக்கூட அசைக்காதீர்கள்.

“யாரு, டேலா? வெர்னா பேசறேன். அந்த வண்டியை வந்து எடுத்துட்டுப் போயிடுப்பா... இல்ல, நாளைக்கு வேணாம். அடுத்த வாரமும் வேணாம்... கொடி துளிர்க்கப்போவுது, அதான்.”

(மண்டபம் முழுவதும் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டல்)

பெரியோர்களே! தாய்மார்களே! வாங்கப் போன இடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரு மளிகைக்காரனைப் பொறுமையோடு கேட்டீர்கள். இடம் கொடுத்த தலைவருக்கும், இடித்துச் சொன்ன அம்மையாருக்கும், இனி எனக்கு முன்னால் முதல் கோப்பையைச் சுவைக்கப்போகிற எபிஃபானியோ அவர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. வருகிறேன், வணக்கம்!